சாத்தையாவுக்கு என்ன பிடிக்கும்?

போன வாரம் காரைக்குடி காப்பி கிளப்பில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

ரங்கூனிலிருந்து இப்போதுதான் வந்திறங்கியவர். சட்டைப் பையில் ஒரு கட்டுப் படக் கார்டு. காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாக மேஜை மேல் பரப்பினார். தங்கம் பூசிய பெரிய பகோடாக் கோயில். அதே பகோடா, விளக்குப் போட்டு. அதே பகோடா, ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு பெகுவில் படுத்திருக்கும் புத்தர். துறைமுகம். வெள்ளைக்காரர்கள் உலாவும் தெரு.

"அண்ணே, நீக பர்மாவுக்குப் பல தடவை போயிட்டு வந்தவுக. இதுல எதை எதைப் பாத்தீக?"

கிளப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு இது ஒன்றுதான் ஆகாது. நாலு பேர் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். வாரா வாரம் இங்கே இவ்வளவு பேசுகிறவனா இப்படி என்று நினைப்பீர்கள். இது எழுத்து. எழுதும்போது நீங்கள் என்னைப் பார்ப்பதில்லை — அந்தத் தைரியம்தான்.

"எல்லாம் பாத்தேன் தம்பி" என்றேன்.

"பாத்துட்டீகள்ல? அம்புட்டுத்தேன் பர்மா. அதுக்கு மேல அங்குட்டுப் போனா வெறும் சேறும் ஆறும்தேன்."

கார்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெறும் சேறும் ஆறும்...

அந்தச் சேற்றில் கணுக்கால் புதைய நின்றவன் நான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மரக்கடையில் வேலை பார்க்கிறவன். கானாடுகாத்தான் பக்கம் எழும்புகிற பெரிய வீடுகளுக்குத் தூணும் நிலையும் கதவும் பர்மாத் தேக்கில்தான் வேண்டும் என்கிறார்கள். அந்த மரத்தைப் பார்த்துக் கப்பலேற்றிவிட்டு வர முதலாளி என்னை அனுப்புவார். ரங்கூனில் மர யார்டு துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. யார்டு, தங்குகிற இடம், யார்டு — இப்படியே நாட்கள் ஓடிவிடும். ஒழிந்த வேளையில் பகோடாவைச் சுற்றிவிட்டு வருவேன். அதனால் தம்பியிடம் நான் பொய் சொல்லவில்லை. எல்லாம் பார்த்தேன்தான்.

அந்த ஊரின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. ஏனென்று கேட்டால் பகோடாவைச் சொல்ல மாட்டேன். தெருவோரத்தில், மரத்தடியில், ஒரு சின்னப் பரண் கட்டி அதில் பானை வைத்திருப்பார்கள். பானையில் தண்ணீர். பானை மேல் மூடி, மூடி மேல் ஒரு கொட்டாங்கச்சி. போகிறவன் வருகிறவன் யாரும் குடிக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்கக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல ஊர் ஏது?

இனி முத்தாயி அக்காவுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். புருஷன் போய் வெகு காலமாகிறது. கொழுந்தனார் வேலு அண்ணன் குடும்பத்தோடு ஒரே வளவில் இருக்கிறார். அக்காவுக்கு ஒரே மகன், சாத்தையா. பதினைந்து வயதில் நம் பக்கத்துச் செட்டியாரின் வட்டிக்கடை ஒன்றில் சமையலுக்கு உதவியாளாகப் பர்மாவுக்குப் போனான். பிறகு அவனே சமையல்காரன் ஆனான். கடை, ஐராவதி ஆற்றில் ஹென்ஸாடா ஊருக்கும் மேலே ஒரு சின்னப் படகுத் துறையில். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொண்டிருந்தவன், இருபத்து நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய தகரப் பெட்டி மட்டும் வந்தது.

போன வருஷம் நான் கப்பலேறப் போகிற சமயம். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீக மறுபடி ரங்கூனு போறீகளாமே."

"ஆமாக்கா."

"சாத்தையா இருந்த ஊருக்குப் போவீகளா?"

"ரங்கூனோட என் வேலை முடிஞ்சுரும்க்கா. அது ஆத்துல ஸ்டீமர் ஏறி மேல போகணும்."

அக்கா போகவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரணும் தம்பி. எம்புள்ளைக்கு என்ன பிடிக்கும்னு."

எனக்கு விளங்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாததா?

மாசி மாதம் அவர்கள் வீட்டில் படையல் போடுவார்கள். செத்தவர்களுக்குத் தனித்தனியாக இலை போட்டு, உயிரோடிருந்தபோது அவரவருக்கு எது ஆசையோ அதைச் செய்து வைப்பது. அக்காவின் புருஷனுக்குக் கோழிக் குழம்பு. சாத்தையாவுக்கு வெள்ளைப் பணியாரமும் கட்டித் தயிரும். கும்பிட்ட பிறகு ஒவ்வோர் இலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கிணற்றுச் சுவரில் காக்கைக்கு வைப்பார்கள்.

"அவுக அப்பாவுக்கு வச்சதைக் காக்காயெல்லாம் சண்டை போட்டுத் தின்னுது தம்பி. பக்கத்துலதேன் இவனுக்கு வச்சிருக்கேன். எட்டிக்கூடப் பாக்கலை. அவன் கண்ணை மூடுன வருசத்துலருந்து ஒரு வருசமும் தொட்டதில்லை."

அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து வேலு அண்ணன் குரல் கேட்டது. எங்கள் தெருவில் ரகசியம் பேச முடியாது.

"காக்காய்க்குக் கறிதேன் வேணும் மதினி. பணியாரம் வேணும்னா காப்பி கிளப்புக்குப் போயிருக்குமே."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவன் இங்க இருந்தப்பப் பதினைஞ்சு வயசு. அந்த வயசுல பிடிச்சதைத்தேன் எனக்குத் தெரியும். அதையே வருசா வருசம் வச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்கப்புறம் அவன் வளந்துட்டான்ல? வளந்தவனுக்கு என்ன பிடிச்சுச்சுன்னு நான் கண்டேனா?"

கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கப்பலில் படுத்திருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. போகிற தூரத்துக்குப் பயமில்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் நின்று, செத்துப்போன பையன் என்ன சாப்பிட்டான் என்று எப்படிக் கேட்பது? காரைக்குடியில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே எனக்குக் கூச்சம்.

யார்டு வேலை முடிந்ததும் முதலாளிக்கு எழுதிப் போட்டுவிட்டு ஸ்டீமர் ஏறினேன்.

அதில் துரைமார் சிலர் வந்தார்கள். மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரையில் வெள்ளையாக ஒரு கோபுரம் தெரிந்தால் எழுந்து நின்று பார்த்தார்கள். கோபுரம் இல்லாத இடங்களில் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. கரையெல்லாம் பனைமரம். நம் ராமநாதபுரம் சீமையில் பார்க்கிற அதே பனை, அதே நிமிர்வு. கீழே மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சை. நம் பனைகளை யாரோ நல்ல இடத்தில் குடியேற்றி வைத்தது போல இருந்தது. பெண்கள் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையில் பூ வைத்துக்கொண்டு படியேறினார்கள். ஒரு கிழவர் எருமையைக் கழுவிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவு அழகான கரையைப் பார்த்துக்கொண்டே போனதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் சாத்தையாவும் இதே வழியாகத்தானே போயிருப்பான்? பதினைந்து வயதில்?

அந்தத் துறையில் என்னைத் தவிர வேறு யாரும் இறங்கவில்லை. பலகை போட்டார்கள், பலகை கரைக்கு எட்டவில்லை. சேற்றில் குதித்தேன். ஸ்டீமர் ஊதிவிட்டுப் போய்விட்டது.

ஊர் என்றால் ஒரு நெல் கிட்டங்கி, செட்டியார் கடை, கொஞ்சம் மூங்கில் வீடுகள், ஒரு சின்ன வெள்ளைக் கோபுரம். அவ்வளவுதான். கார்டு போடுகிறவன் எவனும் அங்கே வர மாட்டான்.

கடையில் ஏஜெண்ட் நல்லவர். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பாய் விரித்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"சாத்தையாவா? அவன் வச்ச வத்தக்குழம்பு மாதிரி இந்தப் பர்மாவுலயே கெடையாது. எனக்குக் காய்ச்சல்னா மிளகு ரசம். எனக்குக் கீழ இருக்கிற அடுத்தாளுக்கு இனிப்பு ஆகாதுன்னு தனியா வப்பான். யாருக்கு என்ன வேணும்னு சொல்லவே வேண்டாம், அவனுக்குத் தெரியும்."

"அவனுக்கு என்ன பிடிக்கும்?"

ஏஜெண்ட் யோசித்தார். வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தெரியலையே" என்றார். "நாங்க சாப்பிட்டப்புறம்தானே அவன் சாப்பிடுவான்..."

இப்போதைய சமையல்காரர் அடைக்கலம், தேவகோட்டைப் பக்கத்துக்காரர். சாத்தையா இருந்த காலத்தில் கடைக்குத் தண்ணீர் எடுத்தவர். அவரைக் கேட்டேன்.

"சமைக்கிறவன் என்ன தின்னான்னு எவன்ணே பாத்தான்?" என்றார் அவர். "நான் இன்னைக்கி என்ன தின்னேன்னு ஏஜெண்டைக் கேட்டுப் பாருங்க."

இருவர் முகத்தையும் பார்த்தேன். பல வருஷம் ஒருவன் கையால் சாப்பிட்டவர்கள். அவனை நன்றாக நினைக்கிறவர்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டில் சமைக்கிறவளுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது ஸ்டீமர் ஏறி வந்து கேட்டால் நான் சொல்லிவிடுவேனா?

அடைக்கலம்தான் பிறகு ஒன்று சொன்னார்.

"சாயங்காலம் ஆனா அவன் துறைக்குப் போயிருவான். அங்க ஒரு பர்மாக்காரம்மா சாப்பாட்டுக் கடை வச்சிருக்கு. வாங்க, கேட்டுப் பாப்போம்."

துறையில் ஒரு கூரைக்குக் கீழே தாழ்வான மேஜையும் சின்னச் சின்னக் கிண்ணங்களுமாக அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் வயதிருக்கும். தலையில் பூ, கன்னத்தில் சந்தனம்போல அரைத்த மரப்பட்டை, வாயில் பெரிய சுருட்டு. நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீக. வாங்க" என்றார் அடைக்கலம்.

அவர் பர்மிய பாஷையில் பேசினார். நடுவில் சாத்தையாவின் பெயர் வந்தது. அந்த அம்மாள் சுருட்டை எடுத்துக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணனான்னு கேக்குது."

"பக்கத்து வீடுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அம்மாள் திருப்பி ஏதோ கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரரா இம்புட்டுத் தூரம் வந்தாருன்னு கேக்குது."

"அவுக அம்மா கேட்டாகன்னு சொல்லுங்க. என்ன பிடிக்கும்னு கேட்டாக."

அந்த அம்மாள் ஒரு தட்டை எடுத்தார். மூங்கில் குழாய் ஒன்றின் வாயில் அடைத்திருந்த இலையை உருவி, உள்ளேயிருந்து கரும்பச்சையாக, ஈரமாக, கசக்கிய கீரை போல ஒன்றை ஒரு பிடி எடுத்து வைத்தார். சுற்றிலும் வறுத்த எள்ளு, சுட்ட பூண்டு, வேர்க்கடலை. எலுமிச்சம்பழம் பிழிந்து விரலால் பிசைந்து என் முன்னால் நகர்த்தினார்.

தேயிலை. நாம் கொதிக்கவைத்துக் குடிக்கிறதை அவர்கள் இலையாகவே ஊறப்போட்டுத் தின்கிறார்கள்.

ஒரு வாய் போட்டேன். கசப்பு. அதன் பின்னால் ஒரு புளிப்பு, துவர்ப்பு. பிறகு மறுபடியும் கசப்பு. என் முகம் என்ன கோணலுக்குப் போயிற்றோ, அந்த அம்மாள் சிரித்தார்.

"அவனும் மொத நாளு இப்பிடித்தேன் மூஞ்சியச் சுளிச்சானாம்" என்றார் அடைக்கலம். "அப்புறம் ஒரு நாளும் விட்டதில்லையாம்."

பிறகு அந்த அம்மாள் தானாகவே பேசினார். அடைக்கலம் சொல்லச் சொல்லக் கேட்டேன். அடுப்பில் நின்று நின்று அவனுக்குத் தன் சமையலின் வாடையே ஆகாமல் போய்விட்டது. எண்ணெய்ப் பலகாரம் என்றால் வயிறு புரட்டும். எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, குளித்து, இங்கே வந்து அந்தக் கவிழ்த்த படகின் மேல் உட்காருவான். வெறும் சோறும் இதுவும். சாப்பிட்டுக்கொண்டே ஆற்றைப் பார்ப்பான். கீழே போகிற ஸ்டீமரைக் கண்டால், இது எந்த நாளில் ரங்கூன் போய்ச் சேரும் என்று கேட்பான். எல்லா ஸ்டீமரும் எடுத்துக்கொள்வது ஒரே அளவு நாள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

ஒருநாள் அந்த அம்மாளின் பிள்ளைகளுக்கு ஒரு பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தானாம். வட்டமாக, வெள்ளையாக, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று. அதற்கு என்ன பெயர் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"பணியாரம்" என்றேன். "அவுக அம்மா சுடுறது."

"அவன் தின்னானா?" என்று கேட்கச் சொன்னேன்.

ஒன்றுகூட வாயில் வைக்கவில்லையாம். பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எனக்குக் கிணற்றுச் சுவரும் காக்கையும் ஞாபகம் வந்தன.

அவனை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் சுருட்டை எடுத்து ஆற்றைக் காட்டினார். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நடு நீரில்.

"அந்த எடத்துலதேன் அப்பக் கரை இருந்துச்சு" என்றார் அடைக்கலம். "ஆறு தின்னுட்டுப் போயிருச்சு."

பழுப்புத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். கடையை ஒட்டி ஒரு பரண். பரண் மேல் பானை. பானை மேல் கொட்டாங்கச்சி. அந்த அம்மாள் பானையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

"இது சாத்தையா பேருக்கு வச்சதாம். செத்தவுகளுக்காக இங்க இப்பிடி வப்பாக."

ஒரு கொட்டாங்கச்சி மொண்டு குடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் புது மூங்கில் குழாய் ஒன்றில் தேயிலையை அடைத்து, வாயை வாழை இலையால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கப்பலில் டெக்கில் பக்கத்துப் பாய்க்காரர், எதையய்யா செத்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறீர் என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். செத்தவனுக்குத்தான் என்று எப்படிச் சொல்ல? குழாயைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றினேன்.

ஊர் வந்ததும் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். ஆறு கரையைத் தின்றது வரைக்கும் சொன்னேன். மறைக்க எனக்கு வராது. அக்கா அழவில்லை. தண்ணீர்ப் பானையைச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார்.

"தண்ணி வச்சிருக்காளா... அப்பத் தாகத்துக்குக் குறையில்லை."

பிறகு மூங்கில் குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதென்ன தம்பி?"

"தேயிலைக்கா. அவனுக்கு இதுதான் பிடிக்குமாம்."

"டீத் தண்ணியா?"

"குடிக்கிறதில்லைக்கா. ஊறப்போட்ட எலை. திங்கிறது."

இந்த மாசிப் படையலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனபோது அடுப்படியில் ஒரு கலவரம். வேலு அண்ணன் சம்சாரம் செல்லம்மா, குழாயிலிருந்ததைக் கீரை என்று நினைத்து, முறத்தில் கொட்டி ஆய்ந்து, இரண்டு தண்ணீர் விட்டு அலசி, கடுகு தாளிக்கச் சட்டியையும் காயவைத்துவிட்டார்.

"கீரை மாதிரிதானே இருக்கு. தொவட்டினாத்தானே திங்கலாம்" என்கிறார் அவர்.

"ஏத்தா, வதக்கிராத. அவன் எண்ணெய் ஆகாதுன்னுதானே அதைத் தின்னான்" என்று அக்கா முறத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

எள்ளை வறுத்து, கடலையை வறுத்து, பூண்டைத் தோலோடு சுட்டு உரித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து — நான் சொல்லச் சொல்ல அக்காவே பிசைந்தார். இலையில் கொண்டுபோய் வைத்தபோது வேலு அண்ணன் குனிந்து பார்த்தார்.

"என்ன மதினி இது, குப்பையில அழுகுன எலை மாதிரி? கப்பலேறி வந்ததையெல்லாம் சாமி முன்னாடி வைக்கிறதா? நம்ம வீட்டு வழக்கத்துல உண்டா?"

"கப்பலேறிப் போன புள்ளை நம்ம வீட்டு வழக்கத்துல உண்டா?" என்றார் அக்கா.

வேலு அண்ணன் தானே போய் அந்த இலைக்கு முன்னால் சூடத்தை ஏற்றி வைத்தார். அவரும் தூக்கி வளர்த்த பிள்ளைதானே.

பணியாரமும் வைத்திருந்தார் அக்கா. "அவன் திங்க வேணாம். பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

கும்பிட்டு முடிந்தது. அக்கா இரண்டு இலையிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஓட்டு மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. புருஷன் பங்கைச் சுவரில் வைத்தார். மகன் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். காக்கைக்கு வைப்பதற்கு முன்னால் அதில் ஒரு கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அப்படிச் செய்வது வழக்கமில்லை. பார்த்திருந்தால் வேலு அண்ணன் சத்தம் போட்டிருப்பார்.

அக்கா மெல்ல மென்றார். முகம் சுருங்கியது. துப்பவில்லை.

"கசக்குது தம்பி."

"ஆமாக்கா."

"சின்னப் புள்ளையில வயித்துப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுப்பேன். ரெண்டு பேரு கையப் புடிக்கணும், ஒருத்தரு மூக்கப் புடிக்கணும். தெருவே கூடிரும். இதையா ஆசையாத் தின்னான்?"

"தினமும் தின்னானாம்க்கா."

அக்கா இன்னொரு கிள்ளு எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை முகம் சுருங்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கவில்லை.

"அப்ப எம்புள்ள பெரிய ஆளாயிட்டான்ல."

காக்கை வந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கையில் மிச்சமிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி கிளப் தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்களோ என்னவோ. அன்றைக்கு நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கார்டுகள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அந்தத் தங்கக் கோபுரத்தை நானும் கையெடுத்துக் கும்பிட்டவன்தான்.

ஆனால் பர்மா கொஞ்சம் கசக்கும் தம்பி. கார்டில் அது தெரியாது.